ஸ்டிர் ஃப்ரை: வதக்கலா, பிரட்டலா?

'சிக்கன் ஸ்டிர் ஃப்ரை' என்றதும் நிறையப் பேருக்குச் சில்லி சிக்கன்தான் நினைவுக்கு வருகிறது. அது வேறு. மாவில் பிசறி, எண்ணெயில் மூழ்கப் பொரித்து, அப்புறம் சாஸில் போட்டு எடுப்பது சில்லி சிக்கன். ஸ்டிர் ஃப்ரையில் கறியையும் காயையும் மெல்லிசாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, கை ஓயாமல் புரட்டிச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள்.

பெயர் ஆங்கிலம், சமையல் சீனம். சீன மொழியில் இதற்கு 'ச்சாவ்' என்று பெயர். மெனு அட்டையில் இருக்கும் சௌமீனின் 'சௌ' இதே சொல்தான் (அதில் வரும் 'மீன்' நூடுல்ஸ், ஏமாற வேண்டாம்). ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தமான சொல் இல்லாததால், நான்ஜிங்கில் பிறந்து டோக்கியோவில் மருத்துவம் படித்த புவெய் யாங் சாவ் என்ற பெண், 1945இல் அமெரிக்காவில் வெளியான தன் சமையல் நூலில் 'ஸ்டிர் ஃப்ரை' என்று எழுதினார், அது அப்படியே நிலைத்துவிட்டது. பெரிய தீ, குறைந்த எண்ணெய், விடாத கிளறல், நறுக்கிய பொருள் என்று அவர் கொடுத்த விளக்கத்திலேயே பாதிச் செய்முறை அடங்கிவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வதக்கல்' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வதங்குவது என்றால் வாடித் துவள்வது, வெங்காயத்தை அப்படித்தான் வதக்குகிறோம், ஆனால் இங்கே குடைமிளகாயும் பீன்ஸும் வாடவே கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். 'வறுவல்' என்றால் ஈரம் வற்ற வேண்டும், 'பொரியல்' தேங்காய்த் துருவலோடு இலைக்குப் போய்விடுகிறது, 'கிளறல்' என்றால் உப்புமா. மிச்சமிருப்பது புரட்டுவதிலிருந்து வந்த 'பிரட்டல்'. இலங்கையிலும் மலேசியாவிலும் மசாலா ஒட்டச் சுண்டவைத்த கறிக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு, அதனால் குழப்பம் வரலாம். 'விரைவுப் பிரட்டல்' என்றால் தீர்ந்தது.

வீட்டில் நாலு பேருக்கு என்றால் எலும்பில்லாத கோழி அரைக் கிலோ போதும். நாரின் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டி, இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சோள மாவு, மிளகுத்தூள் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். அந்த மாவுதான் கறி வறண்டுபோகாமல் காக்கும். இரும்பு வாணலி நல்லது. நான்ஸ்டிக்கை இவ்வளவு சூட்டில் வைக்கக் கூடாது. ரீஃபைன்ட் கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போதும், செக்கெண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும். கறியை இரண்டு தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, கடைசியில் கிடைப்பது அவியல். உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இஞ்சி, பூண்டு, கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் என்று வேக நேரமாகும் வரிசையில் போட்டுப் புரட்டி, கறியைச் சேர்த்து இறக்குங்கள். காய் கறியைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும்.

எண்ணெயைக் குறைத்துவிட்டு உப்பை மறந்துவிடுகிறோம். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் சொல்வதே 2000 மில்லிகிராமுக்குக் கீழேதான். அதனால் பிசறிய சாஸோடு நிறுத்திக்கொண்டு தனி உப்பு போடாதீர்கள், காரத்துக்கு மிளகும் பச்சை மிளகாயும், புளிப்புக்கு இறக்கியபின் எலுமிச்சையும் பிழிந்தால் பிள்ளைகள் சாஸ் பாட்டிலைத் தேட மாட்டார்கள்.