பென்ஸ் நசுங்கறதுதான் பென்ஸோட பெருமை

ஆக்சிடென்ட் வீடியோ எதுவா இருந்தாலும் சரி, கமென்ட்ல போய்ப் பாருங்க, முன்பக்கம் அப்பளமா நொறுங்கின காரைப் பார்த்ததும் "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா, அந்தக் காலத்து அம்பாசிடரா இருந்தா பம்பர்ல ஒரு கோடுகூட விழுந்திருக்காது"ன்னு ஒருத்தர் எழுதியிருப்பார், லைக்கும் அள்ளியிருக்கும். அடுத்தவர் வந்து "கார்னா பென்ஸ் மாதிரி இருக்கணும், டேங்க்குய்யா அது, மோதினாலும் அசையாது"ன்னு சொல்வார். இந்த ரெண்டாவது ஆள் பேச்சுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கார் நசுங்கணும், எங்க நசுங்கணும் எங்க நசுங்கவே கூடாதுன்னு கணக்குப் போட்டு அதுக்குன்னு பேட்டன்ட் வாங்கி வச்சதே அந்த பென்ஸ் கம்பெனிதான்.

கணக்கை முதல்ல பார்த்துடுவோம், பெருசா ஒண்ணும் இல்ல, பிளஸ் டூ பிசிக்ஸ்தான். 50 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். ஒன்றரை டன் கார் அந்த வேகத்துல போறப்ப அதோட இயக்க ஆற்றல் சுமார் 1,45,000 ஜூல், அதாவது அந்தக் காரைத் தூக்கி 10 மீட்டர் உயரத்துல இருந்து, மூணு மாடி மொட்டைமாடின்னு வச்சுக்கங்க, அங்க இருந்து கீழ போட்டா என்ன அடி விழுமோ அதே அடி. வேகத்தை 100 ஆக்கினா அடி ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். சுவத்துல மோதி கார் நின்னதும் இந்த ஆற்றல் எங்கயாவது போயே ஆகணும், ஒண்ணு இரும்பை மடக்கறதுல செலவாகணும், இல்லன்னா உள்ள உக்காந்திருக்கவங்க எலும்புல இறங்கணும், மூணாவது வழி கிடையாது.

இப்ப நம்மாளு கேக்கற நசுங்காத காரை எடுத்துக்குவோம். மோதினப்ப முன்பக்கம் வெறும் 10 சென்டிமீட்டர்தான் உள்ள போச்சுன்னா, 14 மீட்டர் வேகம் அந்த 10 சென்டிமீட்டருக்குள்ள பூஜ்யம் ஆகணும், அப்ப வேகம் குறையற வீதம் புவியீர்ப்பு முடுக்கம் மாதிரி கிட்டத்தட்ட 100 மடங்கு. 70 கிலோ ஆள் மேல அந்த நேரத்துல விழற விசை 7 டன் எடைக்குச் சமம். அதே மோதல், ஆனா முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்னுதுன்னா 16 மடங்கு, அதாவது 1 டன்னுக்குக் கொஞ்சம் மேல, அதுவும் ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான், நல்லா பெல்ட் போட்டிருக்க ஆள் அதைத் தாங்கிடுவார், நெஞ்சுல பெல்ட் தடம் கன்னிப்போய் வலிக்கும், ஆனா ஆள் இருப்பார். கிரிக்கெட்ல கேட்ச் பிடிக்கறப்ப கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டே பிடிக்கறோமே, அதேதான் விஷயம். நிறுத்தறதுக்கு எடுத்துக்கற தூரம்தான் உயிரு.

இதை முதல்ல காருக்குள்ள கொண்டுவந்தவர் பேலா பாரெனிங்கற இன்ஜினியர். 1907-ல ஆஸ்திரியாவுல பிறந்தவர், 1939-ல டைம்லர்-பென்ஸ்ல, அதாவது மெர்சிடிஸ் பென்ஸ் கார் செய்யற கம்பெனியில, சேர்ந்தார், வாழ்நாள்ல 2,500 பேட்டன்டுக்கு மேல வாங்கின மனுஷன். அந்தக் காலத்துல எல்லாரும் நம்பினது நம்ம கமென்ட் ஆசாமி நம்பறதைத்தான், கெட்டியா இருந்தா பத்திரம்னு. பாரெனி 1951-ல போட்ட பேட்டன்ட் விண்ணப்பம், நம்பர் 854157, காரை மூணு பாகமாப் பிரிச்சுது, நடுவுல ஆளுங்க உக்கார்ற பெட்டி மட்டும் இறுக்கமா, முன்னாடியும் பின்னாடியும் வேணும்னே வலு குறைஞ்ச பாகம், மோதினா அந்த ரெண்டும் நசுங்கி ஆற்றலைத் தின்னுடணும், நடுப்பெட்டி அப்படியே நிக்கணும். 1959-ல வந்த டபிள்யூ 111, பின்னாடி மீன் துடுப்பு மாதிரி ரெண்டு றெக்கை வச்சிருக்குமே அந்த கார், இந்த ஏற்பாட்டோட விற்பனைக்கு வந்த முதல் கார். அதே வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி ஜெர்மனியில சிண்டல்ஃபிங்கன்ங்கற ஊர்ல காரை வேணும்னே கொண்டுபோய் மோதவிட்டுப் பார்க்கற சோதனையும் ஆரம்பிச்சாங்க. காரைத் தள்ளிவிட அப்ப இப்ப மாதிரி வசதி ஒண்ணும் கிடையாது, கொஞ்ச நாள் கழிச்சு ஒரு வெந்நீர் ராக்கெட்டே செஞ்சாங்க, பெரிய டாங்க்ல தண்ணிய அழுத்தத்துல சூடாக்கி வால்வைத் திறந்துவிட்டா நீராவி பின்னாடி பீய்ச்சி அடிக்கும், கார் முன்னாடி பாயும். புது காரை நீராவி புகைமூட்டத்தோட கொண்டுபோய் இடிச்சுப் பார்க்கறதுக்குச் சம்பளம்னா எனக்கும் அந்த வேலை வேணும்.

நசுங்கறதுன்னா சும்மா மெல்லிசு தகடு போட்டா ஆச்சான்னா இல்ல. காரோட பம்பரைக் கழட்டினா உள்ள ரெண்டு பக்கமும் நீளமா பெட்டி மாதிரி ரெண்டு இரும்புக் கை முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், உத்துப் பார்த்தா அதுல குறுக்க சின்னச் சின்னப் பள்ளம் அழுத்தி வச்சிருப்பாங்க. உற்பத்தியில ஏதோ கோளாறுன்னு நினைச்சுடாதீங்க, முதல் மடிப்பு இங்க விழணும், அடுத்தது அதுக்குப் பின்னாடி விழணும்னு இரும்புக்குச் சொல்லிவைக்கற அடையாளம் அது. நுனியில வலு குறைவு, பின்னாடி போகப்போக கூடுதல், கடைசில ஆளுங்க இருக்கற பெட்டிக்கிட்ட வர்றப்ப மிகக் கடினமான ஸ்டீல். ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கும். பள்ளம் இல்லாம வெறும் கம்பியா விட்டா அது மடியாம நடுவுல வளைஞ்சுடும், வளைஞ்சா ஆற்றல் செலவாகறது ரொம்பக் குறைவு, மிச்சமெல்லாம் உள்ளதான் வரும்.

இதுல இன்னொரு சிக்கல் இருந்துச்சு. லேப்ல கார் நேரா சுவத்துல மோதும், ரோட்டுல அப்படி மோதாது, ஏன்னா கடைசி நொடியில எவனும் ஸ்டியரிங்கை ஒடிக்கத்தான் பார்ப்பான், அதனால பாதி முகம்தான் இடிபடும். மெர்சிடிஸ் 1969-ல இருந்து விபத்து நடந்த இடத்துக்கே ஆள் அனுப்பி தன் கார்கள் எப்படி நசுங்கியிருக்குன்னு அளந்து எழுதிக்கிட்டு வந்துச்சு, அதுல இருந்து தெரிஞ்ச விஷயம் இது. 1979-ல வந்த டபிள்யூ 126-ல, எஸ்-கிளாஸ்ங்கற அவங்க பெரிய சொகுசு கார் வரிசையில ஒண்ணு, முகத்துல 40 சதவீதம் மட்டும் மோதினாலும் தாங்கற மாதிரி அந்த இரும்புக் கையைப் பின்பக்கம் கவை மாதிரி பிரிச்சுவிட்டாங்க, ஒரு பக்கம் வாங்கின அடி தரைக்கும் தரை நடுவுல மேடா ஓடற டனலுக்கும் ஓரச் சட்டத்துக்கும் பிரிஞ்சு போயிடும். என்னைக் கேட்டா இந்தக் கம்பெனிக்குக் கிடைச்ச பேருக்குக் காரணம் தோல் சீட்டோ வெள்ளி நட்சத்திரமோ இல்ல, இடிஞ்ச காரைத் தேடிப்போய்ப் பார்த்த இந்தப் பழக்கம்தான்.

பழைய கதையையும் ரெண்டு வரியில சொல்லிடறேன். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ல மூணு சக்கர வண்டிக்கு பேட்டன்ட் போட்டார், ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் மனைவி பெர்தா ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கி.மீ.க்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க, வழியில பெட்ரோலுக்கு பதிலா மருந்துக்கடையில கரைப்பான் வாங்கி ஊத்தினாங்க, இறக்கத்துல பிரேக் கட்டை தேஞ்சதும் செருப்பு தைக்கறவர்கிட்ட சொல்லி அதுமேல தோல் அடிக்கச் சொன்னாங்க. பிரேக் லைனிங் வந்த கதை அதுதான். 1926-ல பென்ஸும் டைம்லர்ங்கற இன்னொரு கார் கம்பெனியும் ஒண்ணாச் சேர்ந்தாங்க. அப்புறம் ஹிட்லர் காலம், இதை விட்டுட்டு பெருமை மட்டும் பேசறது நியாயம் இல்ல, 1944-ல அந்தக் கம்பெனியில வேலை பார்த்த 63,610 பேர்ல பாதிக்கிட்ட கட்டாய வேலைக்குப் பிடிச்சுட்டு வந்தவங்க, போர்க்கைதிங்க, வதை முகாம் கைதிங்க. இதை அவங்களே பின்னாடி ஒத்துக்கிட்டாங்க. 1955-ல பிரான்ஸ்ல நடந்த லெ மான் ரேஸ்ல மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள்ள பறந்து விழுந்து 80 பேருக்கு மேல செத்தாங்க, அந்த சீசன் முடிஞ்சதும் ரேஸை விட்டே விலகிட்டாங்க.

நம்ம ஊர்ல பென்ஸ்னா கெட்டின்னு பேர் வந்ததுக்கு காரை விட லாரிதான் காரணம்னு எனக்குத் தோணும். 1954-ல டாடாவும் டைம்லர்-பென்ஸும் கூட்டு போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி செஞ்சாங்க, 1969 வரைக்கும் அந்தக் கூட்டு ஓடுச்சு, நட்சத்திரம் போட்ட டாடா லாரியை எங்க தாத்தா தலைமுறை டிரைவருங்க இன்னும் கும்பிடாத குறையா பேசுவாங்க.

சரி, கார் நசுங்கிடுச்சு, 60 சென்டிமீட்டர் கிடைச்சிடுச்சு, அது யாருக்குக் கிடைச்சுதுன்னா காருக்கு. உங்களுக்கு அது வேணும்னா நீங்க காரோட கட்டுண்டு இருக்கணும், அந்த வேலையைத்தான் சீட் பெல்ட் செய்யுது. பெல்ட் இல்லன்னா கார் நின்னுடும், நீங்க அதே 50-ல முன்னாடி போய்க்கிட்டு இருப்பீங்க, டேஷ்போர்டுதான் உங்க சுவர், உங்களுக்குக் கிடைக்கற தூரம் சில சென்டிமீட்டர். 2022 செப்டம்பர்ல டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம் இறந்த விபத்துல கார் மெர்சிடிஸ் ஜிஎல்சி, முன் சீட்ல இருந்த ரெண்டு பேர் பலத்த காயத்தோட பிழைச்சாங்க, பின் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பெல்ட் போடலன்னு போலீஸ் சொல்லுச்சு, ரெண்டு பேருமே போயிட்டாங்க. அவ்வளவு விலை கார்ல இருக்கற எந்தத் தொழில்நுட்பமும் பெல்ட் போடாத ஆளுக்கு முழுசா வேலை செய்யாது, ஏர்பேக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

ஏர்பேக்கை முதல்ல விற்றது மெர்சிடிஸ்னு பல பேர் நினைப்பாங்க, அது இல்ல, அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1970-கள்லயே வித்துப் பார்த்து விட்டுடுச்சு. மெர்சிடிஸ் 1981-ல எஸ்-கிளாஸ்ல கொண்டுவந்தப்ப பெல்ட்டோட சேர்த்து யோசிச்சது, மோதின உடனே பெல்ட்டைச் சுண்டி இறுக்கற ஒரு வெடி, கூடவே பை. அப்ப பையை ஊத வச்சது சோடியம் அசைடுங்கற ரசாயனம், தீப்பொறி பட்டதும் அதுல இருந்து நைட்ரஜன் வந்து சுமார் 30 மில்லிசெகண்டுல பையை நிரப்பிடும், நீங்க கண் சிமிட்டி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். இப்ப உங்க ஸ்டியரிங்ல எஸ்ஆர்எஸ்னு எழுதியிருக்கே, துணைக்கு இருக்கற கட்டுப்பாடுன்னுதான் அர்த்தம், முதல் கட்டுப்பாடு பெல்ட்.

இதுக்கு முன்னாடி 1978-லயே போஷ் கூடச் சேர்ந்து எஸ்-கிளாஸ்ல ஏபிஎஸ் கொடுத்துட்டாங்க, அவசர பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும், காலுக்கடியில பெடல் டக்டக்னு உதறுமே அதுதான். இதெல்லாம் பார்த்து உலகமே மெர்சிடிஸ்னா பாதுகாப்புன்னு நம்பிக்கிட்டு இருந்தப்பதான் 1997 அக்டோபர்ல ஸ்வீடன்ல மானம் போச்சு.

புதுசா வந்த சின்ன ஏ-கிளாஸை ஒரு ஸ்வீடன் கார் பத்திரிகை வழக்கமான காட்டுமான் சோதனைக்கு எடுத்துட்டுப் போச்சு. அந்த ஊர்ல ரோட்டுக்கு நடுவுல திடீர்னு பெரிய மான் வந்து நிக்கும், சடார்னு ஒதுக்கி உடனே பழைய லேனுக்குத் திரும்பணும். ஏ-கிளாஸ் ஒதுக்குச்சு, திரும்புச்சு, அப்படியே குடை சாய்ஞ்சுடுச்சு. கிண்டல் என்னன்னா அதுக்கு ஒரு பங்கு காரணமே பாதுகாப்புதான், குட்டி கார்ல முன்பக்கம் நசுங்க இடம் இல்லங்கறதால மோதினா எஞ்சின் சரிஞ்சு தரைக்கடியில போற மாதிரி ரெட்டைத் தளம் போட்டிருந்தாங்க, அதனால கார் உயரமாயிடுச்சு, ஆளுங்களும் உயரத்துல. கம்பெனி முதல்ல பூசி மெழுகப் பார்த்துச்சு, கிழக்கு ஜெர்மனியோட பழைய ட்ராபன்ட் கார் அதே சோதனையை அசால்ட்டா முடிச்சிடுச்சுன்னு பத்திரிகைங்க கிழிகிழின்னு கிழிச்சதும் டெலிவரியை நிறுத்தி, வித்த கார்களையும் திரும்பக் கூப்பிட்டு சஸ்பென்ஷனை மாத்தி, எல்லாத்துலயும் கார் வழுக்காம பார்த்துக்கற இஎஸ்பி போட்டுக் கொடுத்துச்சு.

இஎஸ்பி அதுவரைக்கும் பணக்கார விஷயம், 1995-ல எஸ் 600 கூபேல வந்தது. ஸ்டியரிங்கை நீங்க எவ்வளவு திருப்பியிருக்கீங்கன்னு ஒரு சென்சார், கார் நிஜமா எவ்வளவு சுழலுதுன்னு இன்னொரு சென்சார், ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஏதோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானா பிரேக் போடும். பின்பக்கம் வெளிய வழுக்குதுன்னா வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிச்சு மூக்கை இழுக்கும், திருப்பத்துல திரும்பாம நேரா போகுதுன்னா உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். தனித்தனி சக்கரத்துக்குத் தனியா பிரேக் போடறது எந்த டிரைவர் காலாலயும் முடியாது. ஒரு சின்ன கார்ல ஸ்டாண்டர்டா இதைக் கொடுத்ததும் மத்தவங்களால சும்மா இருக்க முடியல, 2014 நவம்பர்ல ஐரோப்பாவுல புது கார் எல்லாத்துக்கும் இது கட்டாயம் ஆயிடுச்சு.

மானம் அதோட முழுசா திரும்பலங்கறது வேற விஷயம். 1976-ல இருந்து வந்த டபிள்யூ 123 மாடல் ஏறக்குறைய 27 லட்சம் கார் வித்துச்சு, கிரீஸ்ல ஒரு டாக்ஸிக்காரர் அதே காலத்து 240 டி-ங்கற மெர்சிடிஸ் டீசல் கார்ல 46 லட்சம் கி.மீ. ஓட்டி அதை கம்பெனி மியூசியத்துக்கே கொடுத்தார். அதே கம்பெனி 1990-கள் கடைசில வித்த இ-கிளாஸ் கதவோரத்துல துரு பிடிச்சுது, 2005-ல பிரேக், எலக்ட்ரிக்கல் கோளாறுக்காக 13 லட்சம் காரைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்துச்சு. டேங்க்குன்னு சொல்றவர் இதையும் படிக்கணும்.

பழைய இரும்பு கார் பக்தர்களுக்கு ஒண்ணு. 2009-ல அமெரிக்கால 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டாங்க. மாலிபுவுல டிரைவர் சீட்ல வச்ச சோதனைப் பொம்மைக்கு காலுல சின்ன அடி, பெல் ஏர்ல ஆள் உக்கார்ற பெட்டியே சுருண்டு பொம்மை நசுங்கிப்போச்சு.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்களுக்கு இதுல ஒரு வேலை இருக்கு. ஒருதடவை மடிஞ்ச இரும்புக் கையை நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில இழுத்து நிமித்தி பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா வெளியில ஒண்ணும் தெரியாது, ஆனா அந்தப் பள்ளமெல்லாம் போயிருக்கும், ஸ்டீல் மறுபடி அதே மாதிரி மடியாது. பானட்டைத் திறந்து ஏப்ரான்ல, அதாவது எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற உள் தகட்டுல, ஸ்பாட் வெல்டு புள்ளிங்க ஒரே இடைவெளியில வரிசையா இருக்கான்னு பாருங்க, தகடு சேர்ற இடத்துல பூசியிருக்க சீலன்ட் பசை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, ஒரு பக்கம் கையால பூசின மாதிரி இருந்துச்சுன்னா நட்சத்திரம் போட்ட கார்னாலும் பேரம் பேசாம வந்துடுங்க.