தோள்கட்டைக்குள் ஒரு கைத்துப்பாக்கி

ரைஃபிளின் பின்பக்கம் தோளில் வைத்து அழுத்துகிற பகுதி இருக்கிறதே, அதைத் தோள்கட்டை என்று வைத்துக்கொள்வோம். பல ரைஃபிள்களில் இயந்திரம் எதுவும் இல்லாத இடம் அதுதான். வெடிப்பு முன்னால் நடக்கிறது, தோட்டா நடுவில் ஏறுகிறது, பின்னால் வெறும் மரமோ பிளாஸ்டிக்கோ. இந்தக் காலி இடத்தைப் பார்த்த வடிவமைப்பாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதற்குள் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர் ஆயுதப்படைக் காவலர்கள் நெடுங்காலம் சுமந்த த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிளின் பட்டில், அதாவது தோள்கட்டையின் பின்முனையில், ஒரு சிறு பித்தளை மூடி உண்டு. அதைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். 1860-இல் வந்த அமெரிக்க ஸ்பென்ஸர் ரைஃபிளில் ஏழு தோட்டாக்கள் அடங்கிய குழாயே தோள்கட்டைக்குள் போய் உட்கார்ந்தது.

அப்படியானால் ஒரு முழுக் கைத்துப்பாக்கியையே அங்கே வைத்துவிட்டால் என்ன? ரைஃபிள் சிக்கிக்கொண்டாலோ தோட்டா தீர்ந்தாலோ பின்னாலிருந்து பிஸ்டலை உருவிக்கொள்ளலாம். கேட்டதும் புத்திசாலித்தனமாகத் தோன்றும் யோசனை இது. இதை ஒட்டிய சில வடிவங்கள் உண்மையிலேயே மிக நன்றாக வேலை செய்திருக்கின்றன. ஆனால் இதே வடிவம் மட்டும் ஏன் பெரிதாக எடுபடவில்லை என்பதற்கு இயற்பியலில் தெளிவான பதில் இருக்கிறது.

முதலில், தோள்கட்டை எதற்கு? கைத்துப்பாக்கியை நீட்டிப் பிடிக்கும்போது அது மணிக்கட்டின் முனையில் தொங்குகிறது. மூச்சு, நாடித்துடிப்பு, தசை நடுக்கம் எல்லாமே நேராகக் குழலுக்குப் போய்ச் சேரும். குழல் ஒரே ஒரு டிகிரி விலகினால் 50 மீட்டர் தள்ளி உள்ள இலக்கில் குண்டு 87 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். தோள்கட்டை இருந்தால் இரண்டு கை, தோள், கன்னம் என்று நான்கு இடங்களில் ஆயுதம் உடம்போடு ஒட்டுகிறது. கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதும் கன்னம் கட்டையில் பதிவதால்தான். ஆகவே அது வெறும் கைப்பிடி இல்லை. ஆயுதத்தையும் உடம்பையும் ஒரே அமைப்பாக இணைக்கிற பாகம்.

இந்த உண்மையை அழகாகப் பயன்படுத்தியது மௌசர் சி96. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசர் ஆலையில் பணியாற்றிய ஃபீடர்லே சகோதரர்கள் உருவாக்கிய பிஸ்டல் இது. 1896-இல் தயாரிப்புக்கு வந்தது. கிட்டத்தட்ட 1.1 கிலோ எடை, 7.63 மில்லிமீட்டர் தோட்டா, சுடும் விசைக்கு (ட்ரிகர்) முன்னால் பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி. இதன் உறை தோலால் ஆனது அல்ல, வால்நட் மரத்தைக் குடைந்து செய்தது. அகன்ற முனையில் கீல் வைத்த மூடி, குறுகிய முனையில் ஓர் இரும்புப் பொருத்து. மூடியைத் திறந்து பிஸ்டலை உருவி, உறையைத் தலைகீழாகத் திருப்பி, அந்த இரும்பு முனையைப் பிஸ்டல் பிடியின் பின்னால் உள்ள பள்ளத்தில் கீழிருந்து தள்ளினால் சுருள்வில் கொக்கி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். உறையின் மூடிப்பக்கம் இப்போது தோளில் பதிகிறது. சில நொடிகளில் இடுப்புத் துப்பாக்கி ஒரு குட்டி ரைஃபிளாகிவிடும்.

பல சி96-களின் பார்வைக்குறியில் 1000 மீட்டர் வரை அளவு பொறித்திருந்தார்கள். ஐந்தரை கிராம் குண்டை வைத்துக்கொண்டு அத்தனை தூரத்தில் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது நடக்காத காரியம். ஆனால் நூறு, நூற்றைம்பது மீட்டரில் அந்த மரக்கட்டை கொடுத்த வித்தியாசம் நிஜமானது. இளம் வின்ஸ்டன் சர்ச்சில் இதை வாங்கிய காரணம் வேறு. 1896-இல் பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்கும்போது அவருடைய வலது தோள் மூட்டு விலகியது, அதன் பிறகு வாளை நம்ப முடியவில்லை. 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மானில் நடந்த குதிரைப்படைத் தாக்குதலில் அவர் கையில் இருந்தது மௌசர்.

உறையே தோள்கட்டை என்ற யோசனை அதோடு நிற்கவில்லை. 1950-களின் சோவியத் ஸ்டெச்கின் பிஸ்டலும் இப்படித்தான். அது தானியங்கியாகவும் சுடும் என்பதால் தோள்கட்டை இல்லாமல் அடக்க முடியாது. 1970-இல் வந்த ஹெக்லர் அண்ட் கோக் விபி70 இன்னும் ஒரு படி மேலே போனது. வெறும் பிஸ்டலாக இருக்கும்போது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. பிளாஸ்டிக் உறையைப் பின்னால் மாட்டிவிட்டால் ஒரே இழுப்பில் மூன்று குண்டுகள் போகும். அதை மாற்றும் பொத்தான் பிஸ்டலில் கிடையாது, உறையில் இருக்கிறது! நிமிடத்துக்கு 2200 என்ற வேகத்தில் மூன்று குண்டும் வெளியேறிவிடும். தோள் பின்னால் இல்லாத நேரத்தில் அந்த வசதி யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று இயந்திரமே முடிவெடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் இது ஒன்று.

இதைத் திருப்பிப் போட்டது ஏஆர்-7. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்துக்காக 1950-களின் இறுதியில் வடிவமைத்த .22 ரைஃபிள். விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்டவர் சிறு விலங்கு வேட்டையாடிப் பிழைப்பதற்கானது. குழல், இயந்திரப் பகுதி, மேகசின் மூன்றையும் கழற்றித் தோள்கட்டைக்குள்ளேயே செருகி, பட் மூடியை அமுக்கிவிடலாம். மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மடித்த நீளம் சுமார் 42 சென்டிமீட்டர். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

மூன்றாவது கதை விண்வெளி வீரர்களுடையது. 1965 மார்ச் 19 அன்று சோவியத் விண்கலமான வோஸ்கோத் 2 குறித்த இடத்திலிருந்து 386 கிலோமீட்டர் தள்ளிப் பெர்ம் பகுதியின் பனிக்காட்டில் இறங்கியது. அலெக்ஸி லியோனவும் பாவெல் பெல்யாயெவும் ஓநாயும் கரடியும் திரியும் காட்டில் உறைபனிக் குளிரில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக டூலா நகரில் டிபி-82 என்ற துப்பாக்கி உருவானது. மேலே இரண்டு வழவழப்பான வேட்டைக் குழல்கள், கீழே 5.45 மில்லிமீட்டர் ரைஃபிள் குழல் ஒன்று. இதன் தோள்கட்டையைக் கழற்றி, கான்வாஸ் உறையை உருவினால் அது ஒரு வெட்டுக்கத்தி. கிளை வெட்டலாம், பனியைத் தோண்டலாம். 1980-களிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை சோயுஸ் கலங்களின் உயிர்காப்புப் பெட்டியில் இது இருந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுடும் நேரத்தில் சி96-இன் மர உறை காலியாக இருக்கிறது. சுடும் நேரத்தில் ஏஆர்-7-இன் தோள்கட்டையும் காலி. டிபி-82-இன் கத்தி திடமான ஓர் உலோகத் தகடு, அதை எத்தனை உதைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ரைஃபிளின் தோள்கட்டைக்குள் பிஸ்டலை வைப்பது மட்டும்தான் வேறு ரகம். அங்கே தோட்டா ஏற்றிய இன்னொரு இயந்திரம் ஒவ்வொரு சுடுதலின்போதும் உள்ளே இருந்தாக வேண்டும்.

அது உள்ளே என்ன அனுபவிக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். போல்ட்டைக் கையால் இழுக்கும் ஓர் எளிய ரைஃபிள், எடை 3.2 கிலோ. அதிலிருந்து 4 கிராம் குண்டு நொடிக்கு 930 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குண்டின் உந்தம் 3.7 அலகு. பின்னாலேயே பீறிடும் வாயு இன்னும் 2 அலகு சேர்க்கும். முன்னால் போன உந்தத்துக்குச் சமமாக ரைஃபிள் பின்னால் வர வேண்டும், எனவே நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் அது தோளை உதைக்கிறது. அரை கிலோ பிஸ்டலைச் சேர்த்து மொத்தம் 3.7 கிலோ ஆனால் வேகம் 1.5 மீட்டராகக் குறையும். சரி, இது லாபம்தான். எடை கூடினால் உதை மென்மையாகும்.

ஆனால் அந்த வேகம் ஏறத்தாழ 2 மில்லிநொடியில் வந்துவிடுகிறது. அதாவது புவியீர்ப்பைப் போல் 75 மடங்குக்கும் மேலான முடுக்கம். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வது போல, ரைஃபிள் பின்னால் பாயும்போது உள்ளே இருக்கும் பிஸ்டல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்கிற கொக்கி ஒவ்வொரு முறையும் சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அடி சுத்தியலடியாகும். ஆயிரம் முறை அடித்தால் பிளாஸ்டிக் பள்ளம் அகலும், அப்புறம் கடகடவென்று ஆடும். கொக்கி இத்தனை இறுக்கமாக இருக்க வேண்டும், அதே கொக்கி பதற்றத்தில் இருப்பவரின் ஒரு விரலுக்கு உடனே விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

அடுத்தது எடைச் சமநிலை. ரைஃபிளின் நிறைமையம் பட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பட்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் அரை கிலோவை வைத்தால் நிறைமையம் 4 சென்டிமீட்டர் பின்னால் நகர்கிறது. குழலின் முனை இலேசாகிவிட்டதுபோல் இருக்கும், சடாரென்று இலக்குக்குத் திரும்பும், ஆனால் அங்கே நிலையாக நிற்காது. பிஸ்டலை உருவியபின் எடை மாறுவதால் ரைஃபிளின் நடத்தையும் மாறிவிடும். பழகிய கைக்கு இது பெரிய தொல்லை.

இதையெல்லாம்கூட நல்ல பொறியாளர் சமாளித்துவிடுவார். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் பிஸ்டலின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பின்னால் பார்த்தால் சுடுபவரின் தோள். மேலே பார்த்தால் கன்னம். முன்னால் பார்த்தால் ரைஃபிளைப் பிடித்திருக்கும் அவருடைய சொந்தக் கை. இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. முன்னால் பார்க்கும் பிஸ்டலை ரைஃபிளின் உதை பின்னால் இழுக்கும்போது, தோட்டாவை அடிக்கிற ஃபயரிங் பின் நிலைமத்தால் தோட்டாவை நோக்கியே நகரப் பார்க்கும். நவீன பிஸ்டல்களில் விசையை இழுக்காதவரை அந்தப் பின்னைத் தடுத்து நிறுத்தும் பூட்டு உண்டு. அது இல்லாத பழைய பிஸ்டலை இங்கே வைக்கவே கூடாது. பின்னால் பார்க்க வைத்தால், ரைஃபிள் கைதவறிப் பட் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அதே ஆபத்து வரும். ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் ரைஃபிள் நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. சுடும்போது வரும் உதையைவிட இது மூன்று மடங்கு வேகம்.

மிச்சம் இருப்பது கீழ்ப்பக்கம். ரைஃபிள் தோளில் இருக்கும்வரை அது பாதுகாப்பான திசைதான். ஆனால் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது 'கீழ்' என்பது பக்கவாட்டாகும், குனிந்தால் பக்கத்தில் இருப்பவரை நோக்கும். இடத்துக்கும் பஞ்சம். பட்டின் உயரம் 12, 13 சென்டிமீட்டர்தான். சின்ன பிஸ்டல்கள் பலவற்றின் நீளமே அவ்வளவு வந்துவிடும். அதோடு ஏஆர்-15 குடும்ப ரைஃபிள்களில் தோள்கட்டைக்குள் ஏற்கெனவே, சுட்டதும் பின்வாங்கும் பாகத்தைத் திருப்பி முன்னால் தள்ளும் சுருள்வில்லின் குழாய் ஓடுகிறது, அங்கே காலி இடம் என்பதே கிடையாது.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஆயுதத்தில் தோள்கட்டையை மாட்டினால் அது குட்டை ரைஃபிள் வகையில் சேர்ந்து தனிப் பதிவு கேட்கும். மர உறையோடு கூடிய பழைய அசல் சி96-கள் சேகரிப்புப் பொருள் என்று இதிலிருந்து விலக்குப் பெற்றிருக்கின்றன. தோள்கட்டைக்குள் பிஸ்டல் சும்மா இருப்பது வேறு, பிஸ்டலின் பின்னால் தோள்கட்டை மாட்டுவது வேறு. வடிவமைப்பாளர் இரண்டையும் கலந்து 'ரெண்டும் ஆகும்' என்று ஒன்றைச் செய்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்.

இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே வைத்த பிஸ்டல் எப்போது தேவைப்படும்? ரைஃபிள் சிக்கிக்கொண்ட நொடியில். அந்த நொடியில் இடுப்பு உறையில் பிஸ்டல் வைத்திருப்பவர் ரைஃபிளை வாரில் தொங்கவிட்டு, கையைக் கீழே கொண்டுபோனால் போதும். தோள்கட்டையில் வைத்திருப்பவரோ முதலில் ரைஃபிளைத் தோளிலிருந்து எடுத்து, ஒரு கையால் தாங்கி, மறு கையால் மூடியைத் தேட வேண்டும். ரைஃபிளையே ஆற்றில் தவறவிட்டிருந்தாலோ யாராவது பிடுங்கிக்கொண்டிருந்தாலோ பிஸ்டலும் அதோடு போயிருக்கும். படைகளும் காவல் துறைகளும் பிஸ்டலை இடுப்பில் வைத்திருப்பதற்கும், தோள்கட்டைக்குள் எண்ணெய்க் குப்பியையும் மின்கலத்தையும் மட்டும் வைப்பதற்கும் காரணம் இதுதான்.