அடித்துப் போன ரோட்டைப் பழையபடியே போடலாமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே மிரண்டு போனார்கள்.

நான் கிராமச் சாலை வேலை பார்க்கும் இன்ஜினியர். தண்ணீர் வடிந்ததும் பார்க்கப் போன ரோடுகளில் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் மறுகால் ஓடையைக் கடந்து ஊருக்குள் போகிற ரோடு. நடுவில் நாற்பது அடியைக் காணோம். தார் பாயைப் போலச் சுருண்டு வயலுக்குள் கிடந்தது. கூட்டமாக வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சீக்கிரம் பழையபடி போட்டுக் குடுங்க சார்."

ஒரு பெரியவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த எடம் முன்ன பள்ளமா இருந்துச்சு தம்பி. மறுகால் பாஞ்சா ரெண்டு நாள் முழங்கால் தண்ணி ஓடும், அப்புறம் வடிஞ்சிரும். நீங்கதானே மேடாக்குனிய?"

அவர் சொன்னது சரி. ரோட்டை நான்கடி உயர்த்தி, அடியில் 60 சென்டிமீட்டர் குழாய் இரண்டு வைத்திருந்தார்கள். 120 சென்டிமீட்டர் குழாய் ஒன்றின் வாய்க்கு ஈடுகட்டவே 60 சென்டிமீட்டர் குழாய் நான்கு வேண்டும். அந்த இரண்டையும் அமலைச் செடியும் வேலிக்கருவையும் அடைத்துக்கொண்டன. அதன் பிறகு அது ரோடு இல்லை, குளத்துக்கு இன்னொரு கரை. மேல்பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ரோட்டைத் தாண்டி விழுந்த தண்ணீர் கீழ்ப்பக்கச் சரிவின் அடிமண்ணை முதலில் அரித்து, அங்கிருந்து தாருக்கு அடியில் பின்னோக்கிக் குடைந்துகொண்டே வந்தது. இப்படி உடையும் ரோட்டில் மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் பயன் இல்லை.

கிராவல் கொட்டி, மணல் மூட்டை அடுக்கி உடனே வழி விடுவதில் தவறில்லை, அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அதன் மேலேயே தார் போட்டு முடித்துவிட்டால் அடுத்த பெருமழையில் அதே இடத்தில்தான் போய் நிற்போம். எஸ்டிமேட் போடும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வருஷத்தில் எத்தனை நாள் அங்கே தண்ணீர் ஓடுகிறது? அந்த நாட்களில் ஊருக்கு வேறு வழி உண்டா?

வேறு வழியே இல்லாத ஊருக்குப் பாலம்தான். அதில் பேரம் பேசக் கூடாது. ஓடையின் முழு அகலத்துக்கும் தண்ணீர் போகக் கண் விட்டுக் கட்ட வேண்டும். சுற்றிப் போக வழி இருந்து, இரண்டு மூன்று நாள்தான் தண்ணீர் ஓடும் என்றால் தாம்போதி போதும் என்பது என் கருத்து. ரோட்டைப் பழைய மட்டத்துக்கே இறக்கி, கான்கிரீட் போட்டு, கீழ்ப்பக்கம் ஆழமான சுவரும் கல் பாவலும் கொடுத்தால் தண்ணீர் மேலே ஓடிவிட்டுப் போகும், ரோடு நிற்கும். ஆழம் காட்டும் அளவுகோல் கம்பம் இரண்டு பக்கமும் கட்டாயம். அரை அடி வேகத் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும், ஒரு அடி சின்னக் காரைத் தூக்கிவிடும்.

இந்தக் கேள்விகளை ஊரே கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26-ம் மே 1-ம் ஆகஸ்ட் 15-ம் அக்டோபர் 2-ம் அதற்காகத்தான் இருக்கின்றன. சுவரில் வெள்ளம் நின்ற கறையைச் சுண்ணாம்பு அடிக்கும் முன் போட்டோ எடுத்து, தேதி எழுதி வையுங்கள். அதைவிட நல்ல ஆதாரம் எங்களுக்குக் கிடைப்பதில்லை. கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்றும் பாருங்கள். நேரில் பார்ப்பதைவிடப் பெரும்பாலும் அகலமாகவே இருக்கும்.

அந்த ஊர் மூன்று முறை கூடிப் பேசித் தாம்போதியைத் தேர்ந்தெடுத்தது. மறுகால் பாயும் நாட்களில் பஸ் குளத்தங்கரையோடு நின்றுவிடும், ஊர் அதற்கு ஒத்துக்கொண்டது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பிரசவத் தேதி உள்ள பெண்கள் யார் யார் என்று கிராமச் செவிலியர் கணக்கு வைத்திருக்கிறார். மழை அறிவிப்பு வந்தால் அவர்களை முதல் நாளே ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள்.