சிறு ஜெனரேட்டரில் ஏசி: அந்த முதல் அரை நொடி

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் பயண வண்டிகளின் கூரையில் பொருத்தப்படும் ஏசிகளில் பரவலான அளவு 13,500 பிடியூ. நம் கணக்கில் அது 1 டன்னைச் சற்றே தாண்டும். அங்குள்ள 120 வோல்ட் இணைப்பில் அது ஓடும்போது 12, 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 1,500 வாட் எடுத்துக்கொள்ளும். 2,000 வாட் என்று எழுதப்பட்ட ஜெனரேட்டர் இதற்குத் தாராளமாகப் போதும் என்றுதான் காகிதக் கணக்கு சொல்கிறது. இணைத்துப் பார்த்தால், பல நேரங்களில் கம்ப்ரசர் ஒருமுறை முனகி அடங்க, ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அத்தகைய வண்டிகள் அரிது. படப்பிடிப்புக்காகப் புதுச்சேரி வரும் கேரவன்களில் பெரிய டீசல் ஜெனரேட்டர் இருப்பதால் அங்கும் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் மின்சாரம் போய், வீட்டில் 1 டன் ஏசியும் கையில் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கும் கடலூர்க்காரருக்கு எழும் கேள்வியும் இதுவே. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு, வாடகை ஜெனரேட்டரில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற முயன்றவர்களுக்கு விடை ஓரளவு தெரிந்திருக்கும்: நிற்கும் மோட்டாரைக் கிளப்புவது வேறு, ஓடும் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருப்பது வேறு.

சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது. ஆகவே சுவிட்சைப் போட்ட கணத்தில், ஓடும்போது 5 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் சாதாரண 1 டன் ஏசி 25 ஆம்பியர் வரை கேட்கிறது. வேகம் பிடிக்க அரை நொடிகூட ஆகாது. தெருமுனையில் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை, அதிகம் போனால் விளக்கு ஒருமுறை மங்கி நிமிரும். 2 கேவிஏ ஜெனரேட்டரோ 9 ஆம்பியருக்கு மேல் தர இயலாதது. தொடர்ந்து தரக்கூடியது அதிலும் குறைவு, ஏனெனில் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவுதான்.

அந்தக் கணத்தில் ஜெனரேட்டரின் வோல்டேஜ் சரிகிறது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் 160 ஆகக் குறைந்தால் விசை பாதியாகிவிடும். விசை போதாமல் மோட்டார் சுழலாது. சுழலாததால் மின்னோட்டமும் குறையாது. சுருள் சூடேறி, கம்ப்ரசரில் உள்ள வெப்பக் காப்பு சுவிட்ச் துண்டிக்கும் வரை இந்த இழுபறி நீடிக்கும். இது அடிக்கடி நடந்தால் கம்ப்ரசரின் ஆயுள் குறையும். அணைத்த உடனேயே மறுபடி போடுவது இன்னும் மோசம்: ஓடிக்கொண்டிருந்த ஏசியில் ஒருபுறம் 30 பார், மறுபுறம் 10 பார் என்று வாயுவின் அழுத்தம் பிரிந்து நிற்க, அது சமனாக 3 நிமிடமாவது வேண்டும்.

இரைச்சல் குறைந்த இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், அதே அளவுள்ள பழைய வகையைவிட மோட்டாரைக் கிளப்புவதில் பின்தங்கிவிடலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பழைய வகையில் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் சுழலும் கனத்த இரும்பு, ஒரு கண நேரத்துக்குத் தன் இயக்க ஆற்றலைக் கடனாகக் கொடுக்கிறது. இன்வெர்ட்டர் வகையிலோ மின்சாரம் டிரான்சிஸ்டர்கள் வழியாக வருகிறது. வரம்பு மீறினால் அவை தம்மைக் காத்துக்கொள்ள உடனே மூடிக்கொள்கின்றன. பெட்ரோலைச் சேமிக்கும் எக்கோ முறையில் என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும் என்பதால், ஏசி கிளம்பும் வரை அதை அணைத்து வைப்பது நல்லது.

இதற்குப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவது எளிய தீர்வாகத் தோன்றலாம்; எனக்கு அது வீண்செலவாகவே படுகிறது. ஏசிக்குள் பொருத்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் படிப்படியாக உயர்த்தித் தொடக்க மின்னோட்டத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும். புதிதாக வாங்குவோருக்கு இன்வெர்ட்டர் ஏசியே சரியான தேர்வு. அதன் கம்ப்ரசர் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி மெல்ல உயர்வதால் தொடக்கத் தாவல் என்பதே அநேகமாக இல்லை; திறனை 60 அல்லது 40 சதவீதமாகக் குறைக்கும் பொத்தான் இருந்தால் சிறு ஜெனரேட்டருக்கு அது பெரிய உதவி. பழைய ஏசி வைத்திருப்பவர்கள் முதலில் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரைச் சோதித்துப் பார்க்கட்டும், அது தளர்ந்திருந்தால் வீட்டு மின்சாரத்திலேயே கம்ப்ரசர் திணறும்.

வயரையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. 0.75 சதுர மி.மீ. தடிமனுள்ள 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில், போய்வரும் பாதை முழுவதற்கும் ஏறத்தாழ 1 ஓம் மின்தடை உண்டு. 25 ஆம்பியர் பாயும்போது அதிலேயே 25 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு 8 வோல்ட் அளவுக்குக் குறையும்.

கிளப்பியாயிற்று என்றாலும் கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. ஏசி காற்றை மட்டும் குளிர்விப்பதில்லை, அதிலுள்ள ஈரத்தையும் பிழிகிறது. 1 லிட்டர் தண்ணீர் படிய 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை ஏசி அகற்றியாக வேண்டும்; ஆக, மணிக்கு ஒன்றரை லிட்டர் சொட்டும் 1 டன் ஏசியில், அதன் மூன்றரை கிலோவாட் குளிர்த்திறனில் 1 கிலோவாட் தண்ணீருக்கே போய்விடுகிறது. புதுச்சேரியின் புழுக்கமான இரவில் கம்ப்ரசர் ஓயாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளி யூனிட்டின் தகடுகளை உப்புக்காற்று அரித்திருந்தால் ஆம்பியர் இன்னும் ஏறும்.

1 லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. சிறு என்ஜின் அதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் மணியை மட்டுமே மின்சாரமாக்கித் தரும். 1 கிலோவாட் இழுக்கும் ஏசி 8 மணி நேரம் ஓட 5 லிட்டருக்கு மேல் வேண்டும், சிறு ஜெனரேட்டரின் டேங்க் கொள்வதோ பெரும்பாலும் 3, 4 லிட்டர். நடு இரவில் எழுந்து, என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். சூடான என்ஜின் மீது பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும்.

வீட்டு வயரிங்கில் இணைப்பதானால், தெரு இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பி, கடலூரில் மின்வாரிய ஊழியரையும் புதுச்சேரியில் மின்துறை ஊழியரையும் தாக்கக்கூடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மதிலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில் ஜெனரேட்டரை வைத்தால், புகை படுக்கையறை ஜன்னலுக்குள் நுழைவதோடு அதன் சூடு பக்கத்திலுள்ள வெளி யூனிட்டையும் திணறடிக்கும் என்பதால், ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் தெருப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். தடிமனான வயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அந்தத் தொலைவுக்காகத்தான்.