விடுதிக் கடையின் கணக்கு நோட்டு

மதரஸா விடுதிப் பிள்ளைகளுக்குத் தொழில் பயிற்சி தர என்னைக் கூப்பிடும் நிர்வாகிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன செய்யக் கத்துக்கொடுப்பீங்க?" என்றுதான். தையலா, சோப்பா என்பதெல்லாம் அப்புறம். பிள்ளைகள் ஏற்கெனவே ஏதாவது கடை நடத்தினால் அதன் கணக்கு நோட்டைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு விடுதியில் மாணவர்களே நடத்திய சிறு கடையில் கல்லாப் பணம் குறைந்தது. பொறுப்பிலிருந்த பையன் யாரிடமும் சொல்லாமல் கைக்காசைப் போட்டு நோட்டைச் சரிக்கட்டிவிட்டான். விஷயம் தெரிந்ததும் எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். அது என் தவறு. அடுத்த மாதமும் குறைந்தது, அடுத்த பொறுப்பாளன் கடன் வாங்கிப் போட்டான், பணம் எப்படிக் குறைகிறது என்று மட்டும் யாரும் தேடவில்லை. கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் திருட்டே இல்லை. நண்பர்களுக்குக் கடனாகக் கொடுத்த பொருளை எழுதாமல் விட்டிருந்தார்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனமே, பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான். சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது மனப்பாடம். அன்று உஸ்தாத் (மதரஸா ஆசிரியர்) அதே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்தை விளக்கியபோதுதான், நல்ல மனதோடு எழுதிய பொய்க்கணக்கும் பொய்க்கணக்குதான் என்பது அவர்களுக்குப் புரிந்தது, எனக்கும்தான். அமானத், அதாவது நம்பி ஒப்படைத்ததைப் பேணுவது, பணத்தைக் காப்பதோடு முடிவதில்லை, நடந்ததை நடந்தபடி சொல்வதும் அதில் சேரும்.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் 1926-இல் தொடங்கிய கோந்தோர் உறைவிடப் பள்ளியில் மூத்த மாணவர்கள்தான் கூட்டுறவுக் கடையை நடத்துகிறார்கள். அந்தப் பள்ளி சொல்லும் ஐந்து அடிப்படைப் பண்புகளில் தன் காலில் நிற்பதும் ஒன்று. ஆண்டுதோறும் பொறுப்பு கைமாறும்போது பழைய குழு கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தொழில்முனைவு என்ற பெயரில் பிள்ளைகளைக் கூலியில்லா ஆட்களாக்கிவிடக் கூடாது. ஓதும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் கடை தின்னக் கூடாது, வந்த லாபம் எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை வேண்டும்.

இப்போதெல்லாம் நான் போகும் விடுதிகளில் நோட்டில் 'குறைவு' என்று தனியாக ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். அதில் உண்மையை எழுதும் பிள்ளையைத் திட்டமாட்டோம் என்று பெரியவர்களிடம் முதல் நாளே வாக்கு வாங்கிவிடுகிறேன்.