ஓடையை ஒரே கிளிக்கில் ஏன் பிடிக்க முடிவதில்லை?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சோலைக்காட்டு ஓடை, மேகம் மூடிய காலை. பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்து இறங்குகிறது. கரையில் பெரணி அசைகிறது. மரக்கிளைகளின் இடுக்கில் வானம் தெரிகிறது. கண்ணுக்கு எல்லாமே தெளிவாக இருக்கும். கேமராவில் எடுத்தாலோ வானம் வெள்ளைக் காகிதமாக வெளிறிவிடும். அதற்காக வெளிச்சத்தைக் குறைத்தால் பாறையடி கரியாகிவிடும். நடுவில் ஓர் அளவைப் பிடித்தாலும் பெரணி கலங்கித்தான் விழும்.

காரணம், காட்சிக்குள் இருக்கும் வானம், தண்ணீர், இலை மூன்றும் மூன்று விதமான எக்ஸ்போஷர் (எவ்வளவு ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது) கேட்கின்றன. வானத்துக்கு வெளிச்சம் குறைய வேண்டும். தண்ணீரின் ஓட்டம் தெரிய, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். இலை கூர்மையாக விழ ஷட்டர் சட்டென்று மூட வேண்டும். அதனால் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியை மட்டும் ஒட்டவைக்கிறோம். இருட்டும் வெளிச்சமுமான படங்களைத் தானாகச் சேர்க்கும் எச்டிஆர் பொத்தானை அழுத்துவது வேறு, இது வேறு. அந்தப் பொத்தானின் முக்கிய வேலை வெளிச்ச வித்தியாசத்தைச் சமாளிப்பது, எந்த அசைவு எப்படித் தெரிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

யோசனை பழையது. 1850களில் பிரான்சில் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்கள் சிலவற்றை வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே அச்சில் சேர்த்தார். அன்று படம் பதித்த கொலோடியன் பூச்சுத் தகடு நீல ஒளிக்கு அளவுக்குமீறி இசைந்ததால் வானம் எப்போதும் வெளுத்துவிடும்.

இன்றைய கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு பிக்சலும் ஒரு சின்னக் குவளை மாதிரி. ஒளித்துகள் விழ விழ நிரம்பும். விளிம்பைத் தொட்டபின் எவ்வளவு விழுந்தாலும் கணக்கில் வராது. வெளுத்த வானத்தைக் கணினியில் இருட்டாக்கினால் மேகத்துக்குப் பதில் சாம்பல் திட்டு மட்டும் கிடைப்பது அதனால்தான். நிழலில் சிக்கல் வேறு விதம். ஒளி சீராக விழுவதில்லை. சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் 10 துகள் அளவுக்குக் கூடும் அல்லது குறையும், அதாவது 10 சதவீதம். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100தான், வெறும் 1 சதவீதம். நிழலை இழுத்து வெளிச்சமாக்கும்போது தெரியும் புள்ளிகள், அதாவது நாய்ஸ், பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்டாப் என்றால் வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பாவது. 14 பிட் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) மொத்தம் 16,384 வெளிச்சப் படிகள். அதில் பாதி, 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். மேலிருந்து பத்தாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது 16 படிதான். பாறையடி அந்தப் பத்தாவது ஸ்டாப்பில் கிடந்தால், அதற்கென்று வெளிச்சம் கூட்டி இன்னொரு படம் எடுப்பதைவிட நல்ல வழி கிடையாது.

காட்டில் எடுக்கும் முறை

ட்ரைபாட் கட்டாயம். ஓடைக்குள் வைப்பதானால் கால்களை மணலில் ஊன்றாமல் பாறைமேல் ஊன்றுங்கள். கீழ்ப்பகுதியின் ஒல்லிக் குழாய்களை இழுக்காமல் விட்டால் தண்ணீர் இடித்தாலும் அதிர்வு குறையும். மலையில் மேலே மழை பெய்தால் வெயிலடிக்கும் இடத்திலும் ஓடை திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அந்த நிமிடமே கரையேறிவிடுங்கள், படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

ஃபோகஸையும், நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் மேனுவலில் பூட்டுங்கள். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பி ஈர இலைகளிலும் பாறைகளிலும் உள்ள பளபளப்பைக் குறைத்தபின், கடைசிப் படம் முடியும்வரை அதைத் தொட வேண்டாம். கோணம் மாறினால் பளபளப்பு மாறும், அப்புறம் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

அடர்ந்த நிழலில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை எஃப்/11 என்றும், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100 என்றும் வைத்தால் காட்டுக்கு ஏறத்தாழ 1 வினாடி தேவைப்படலாம். அதையே அடிப்படைப் படமாகக் கொள்வோம். அதன்பின் ஷட்டரை மட்டும் மாற்றி, இரண்டிரண்டு ஸ்டாப் குறைத்து 1/4, 1/15 வினாடிகளில் இரண்டு படங்கள். அபர்ச்சரை மாற்றினால் தெளிவின் ஆழம், அதாவது எவ்வளவு தூரம் வரை கூர்மையாக விழும் என்பது மாறிவிடும். 1/15 படத்தின் ஹிஸ்டோகிராமில் (இருட்டு முதல் வெளிச்சம் வரை பிக்சல்களின் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் காலியாகத் தெரிந்தால் வானம் பிடிபட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் சரி என்று காட்டும்போதே வானத்தின் நீலம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்.

இலைக்கு வருவோம். 1 வினாடியிலிருந்து 1/60க்கு வர ஆறு ஸ்டாப் வேண்டும். ஐஎஸ்ஓவை 100லிருந்து 1600க்கு ஏற்றினால் நான்கு, அபர்ச்சரை எஃப்/5.6க்குத் திறந்தால் இரண்டு. இங்கே மட்டும் அபர்ச்சரை மாற்றலாம், ஏனென்றால் இந்தப் படத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் இலைக்கொத்தை மட்டுமே எடுக்கப்போகிறோம். பூட்டிய ஃபோகஸை இந்தப் படத்துக்கு மட்டும் அந்தக் கொத்தின்மேல் மாற்றி வைத்தால் போதும். காற்று அடங்கும் நொடிக்குக் காத்திருந்து நான்கைந்து படம் எடுங்கள், ஒன்றிலாவது இலை அசையாமல் நிற்கும்.

தண்ணீர்தான் இந்த வேலையின் உயிர். அரை வினாடியில் நீரோட்டத்தின் இழை தெரியும். இரண்டு வினாடி தாண்டினால் பாலாக வழுக்கிவிடும். சுழலில் சுற்றும் நுரை வட்டக் கோடாகப் பதிய வேண்டுமென்றால் 10 வினாடிக்கு மேல் தேவை. நுரை வெளுக்காமல் இருப்பது முக்கியம், அதனால் தண்ணீருக்கென்று தனிப்படம் எடுங்கள். வெளிச்சம் அதிகமாகி, நீண்ட ஷட்டர் வைக்க முடியவில்லை, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் கையில் இல்லை என்றால் ஒரு வழி உண்டு. 1/8 வினாடியில் தொடர்ந்து எட்டு படங்கள் எடுத்து, போட்டோஷாப்பில் அவற்றின் சராசரியைக் கணக்கிடுங்கள். மொத்த நேரம் 1 வினாடி ஆகிவிடும், நாய்ஸும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கொட்டும் நீருக்கு இது அருமையாகப் பொருந்தும். மெல்லச் சுற்றும் நுரைக்குப் பொருந்தாது, படங்களுக்கு இடையிலான இடைவெளி கோட்டில் துண்டு துண்டாகத் தெரியும்.

ஒட்டும் இடம்

முதலில் எல்லா ரா கோப்புகளுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே லென்ஸ் திருத்தம். அப்புறம் அடிப்படைப் படம் கீழே, தண்ணீர், இலை, வானம் ஆகியவை அதன்மேல் லேயர்களாக, அதாவது அடுக்குகளாக. லேயர்களை நேர்படுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் அதை மறைக்கும் திரையான கருப்பு மாஸ்க் போடுங்கள். வெள்ளை பூசும் இடத்தில் மட்டும் அந்த லேயர் தெரியும்.

தானியங்கி எச்டிஆர் தண்ணீரில் ஏன் தோற்கிறது என்று பார்த்தால் மாஸ்க்கின் அருமை புரியும். 1 வினாடிப் படத்தில் நுரை வெளுத்திருக்கிறது. மென்பொருள் அந்தப் பிக்சல்களை மட்டும் 1/15 படத்திலிருந்து எடுக்கும். ஆனால் அந்தப் படத்தில் நுரை வேறு இடத்தில், வேறு வடிவத்தில் இருக்கிறது. வழவழப்பான ஓட்டத்துக்கு நடுவே வெட்டுப்பட்ட கீற்றுகளும் அழுக்குச் சாம்பல் திட்டுகளும் வந்துவிடும். 2007இல் ஆய்வாளர் டாம் மெர்டென்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறை ஒவ்வொரு பிக்சலையும் அதன் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்), நிறச்செறிவு, வெளிச்ச அளவு ஆகிய மூன்றையும் வைத்து எடைபோடுகிறது. அசையாத காட்சியில் அது அழகாக வேலை செய்யும். ஓடும் தண்ணீரை ஒரே படத்திலிருந்து முழுதாக எடுப்பதே நல்லது. மாஸ்க்கின் விளிம்பு பாறையின் ஈரக்கோட்டோடு போகட்டும், அங்கே 2, 3 பிக்சல் மென்மை போதும். நீருக்குள்ளேயே எல்லை விழுந்தால் 50 பிக்சலுக்கு மேல் மென்மையாக்குங்கள்.

வானத்தின் விளிம்புதான் பலரையும் படுத்துகிறது. நீண்ட எக்ஸ்போஷரில் வானம் பிக்சலின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலின் முக்கால் பாகத்தைக் குச்சி மறைத்திருந்தாலும் மீதிக் கால் பாக வானமே அதை நிரப்பிவிடும். ஆக அந்தப் படத்தில் குச்சி உள்ளதைவிட மெலிந்து தெரியும். மெல்லிய குச்சிகள் காணாமலே போகும். மாஸ்க்கை 1/15 படத்திலிருந்து உருவாக்கினால், நீண்ட படத்தில் ஒளி தின்ற அந்த ஓரங்கள் வெள்ளை நூலாக மிச்சம் நிற்கும். இதுதான் ஹாலோ. எனவே மாஸ்க்கை நீண்ட எக்ஸ்போஷரிலிருந்தே எடுத்து, 1 அல்லது 2 பிக்சல் விரித்துவிடுங்கள். அதற்கு நீலச் சேனல், அதாவது படத்தின் நீல ஒளி மட்டும் கொண்ட பதிவு ஏற்றது. பச்சை இலை நீலத்தில் இருட்டாகவும் வானம் வெளிச்சமாகவும் இருப்பதால் இரண்டும் பளிச்சென்று பிரியும்.

இலை லேயரில் அவ்வளவு கஷ்டம் இல்லை. நாய்ஸை மட்டும் முன்பே குறைத்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் பூசலாம்.

கடைசியாக வெளிச்ச வரிசையைச் சரிபாருங்கள். மேகமூட்டத்தில் காட்டுக்குள் வரும் ஒளியெல்லாம் அந்த வானத்திலிருந்து வருவதுதான். ஆகவே நுரை வானத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். தண்ணீரில் விழும் பிரதிபலிப்பும், அது காட்டும் வானத்தைவிட மங்கல்தான். ஆசைப்பட்டு வானத்தை நுரையைவிட இருட்டாக்கிவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் படம் ஒட்டுப்போட்டது என்று உறுத்தும். அப்படித் தெரிந்தால் வான லேயரின் அடர்த்தியை 60, 70 சதவீதத்துக்கு இறக்கி, படத்தைச் சிறிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முழு அளவில் விளிம்புகளைச் சோதியுங்கள்.