ஆம்ப்ளிஃபையர் மிச்சம் பிடிப்பதை ஒயர் தின்றுவிட்டால்?

திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர்கள் முன்பு இருவராகத் தூக்கிவந்த ஆம்ப்ளிஃபையரை இப்போது ஒருவரே ஒரு கையில் எடுத்து வருகிறார். கிளாஸ் டி என்ற புதுவகை ஆம்ப்ளிஃபையர் வந்ததன் பலன் இது. பழைய வகையில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்தும் பாதி மூடியும் வேலை செய்யும். அந்தப் பாதி நிலையில்தான் மின்சாரம் வெப்பமாக வீணாகும். கிளாஸ் டி-யில் பாதி நிலையே கிடையாது. நொடிக்கு மூன்று நான்கு லட்சம் முறை முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. கடைசியில் நிற்கும் சுருளும் மின்தேக்கியும் அந்தத் துடிப்புகளைச் சமன்செய்து ஒலி அலையாக்குகின்றன. உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஸ்பீக்கர் முனைக்கு வந்துவிடும். ஜெனரேட்டரில் ஓடும் விழாவில் இதெல்லாம் டீசல் கணக்கு.

ஆனால் ஸ்பீக்கர் தெருக்கோடியில் இருக்கிறதே. 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். நூறு மீட்டர் தூரமென்றால் போக, வர 200 மீட்டர், ஆக 2.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரக்கூடிய அளவு, அதாவது 28 வோல்ட் கொடுத்தால், அங்கே சேர்வது 59 வாட்தான். 18 வாட் ஒயரைச் சூடாக்கப் போகிறது. இதைக்கூடக் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதே கோடியில் நான்கு ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால்தான் விபரீதம். மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். 100 வாட்டுக்கான 14 வோல்ட்டைக் கொடுத்தால், நான்கும் சேர்ந்து பெறுவது 21 வாட், ஒயர் பெறுவது 25. பெட்டிக்குள் மிச்சம் பிடித்ததைத் தெருவில் கொட்டியாயிற்று.

வழி பழையதுதான். மின்வாரியம் 230 கிலோவோல்ட்டில் மின்சாரம் அனுப்பும் அதே காரணம்: வோல்ட்டை ஏற்றினால் ஆம்பியர் குறையும், இழப்போ ஆம்பியரின் வர்க்கத்தோடு குறையும். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் எழுதியிருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கரிலும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வோல்ட்டை இறக்கிக்கொள்ளும். 100 வாட்டுக்கு 1 ஆம்பியர் போதும். அதே ஒயரில் இழப்பு 2.4 வாட்டைத் தாண்டாது. ஓம் கணக்கும் வேண்டாம். ஸ்பீக்கர்களின் வாட்டைக் கூட்டினால் போதும். ஆனால் ஷாக் அடிக்கும், முனைகளை மூடிவைக்க வேண்டும்.

கிளாஸ் டி-க்கென்று சில சிக்கல்கள் உண்டு. செல்போனில் இருப்பது போன்ற சிறிய சிப்புகளில் அந்தக் கடைசிச் சுருளை விட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்பீக்கருக்குள் உள்ள கம்பிச்சுருளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அத்தகைய போர்டை நீள ஒயரில் கட்டினால் ஒயர் ஆன்டெனா ஆகிவிடும். 400 கிலோஹெர்ட்ஸ் துடிப்பின் இரு மடங்கும் மும்மடங்கும் 800, 1200 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் மத்திய அலை வானொலிக்குள் விழுகின்றன. சுருள் உள்ள ஆம்ப்ளிஃபையரே வேண்டும்.

சுருள் இருந்தாலும் அது தன் எதிரே 4 அல்லது 8 ஓம் இருப்பதாக நம்பியே வடிவமைக்கப்பட்டிருக்கும். நூறு மீட்டர் இரட்டை ஒயருக்கே சுமார் 60 மைக்ரோஹென்றி தூண்டம் (அதிர்வெண் ஏற ஏறத் தடுப்பு கூடும் குணம்) உண்டு; 15 கிலோஹெர்ட்ஸில் அது ஐந்தரை ஓமுக்கு மேல் தடுக்கும். மேல் ஸ்தாயி மங்கும். அதற்கும் மேலான அதிர்வெண்களில் ஸ்பீக்கர் இருப்பதே சுருளுக்குத் தெரியாமல் போக, தணிக்க ஆளின்றி அது தன் ஒத்ததிர்வில் துள்ளும். ஒரு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட சிறு சுற்றை முனையில் போட்டு அடக்கலாம். இதைவிட நேர்த்தியானது, வெளிவருவதை உள்ளே போனதோடு ஒப்பிட்டுத் திருத்தும் பின்னூட்டத்தைச் சுருளுக்குப் பிறகு எடுப்பது. பிலிப்ஸில் பொறியாளர் புரூனோ புட்ஸேஸ் உருவாக்கிய வடிவமைப்பு இந்த வழியில்தான் போனது. 100 வோல்ட் லைனிலோ 100 வாட்டுக்குச் சுமையே 100 ஓம் என்பதால், அந்த ஐந்தரை ஓம் ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று, பல கிளாஸ் டி பெட்டிகளில் கறுப்பு முனை எர்த் அல்ல. இரு முனைகளும் எதிரெதிராக ஆடும். இரண்டு சேனலின் கறுப்பு ஒயர்களைச் சேர்த்து முறுக்குவதும், ஒன்றை இரும்புக் கம்பத்தில் கட்டுவதும் ஷார்ட்டில் போய் முடியும்.

லைன் டிரான்ஸ்ஃபார்மருக்காக, ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டிவிடுவது நல்லது. தாழ்ந்த ஒலியில் அதன் இரும்பு மேற்கொண்டு காந்தம் ஏற்காமல் தெவிட்டி, ஆம்ப்ளிஃபையருக்கு ஷார்ட் போலவே தெரியும். பாதுகாப்புச் சுற்று குதித்து எல்லாத் தெருவும் ஒன்றாக அடங்கும். குழாய் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி எப்படியும் வராது என்பதால் வெட்டுவதில் நஷ்டமில்லை.